குதிரை வாங்கும் முன்

மஸ்கெலியாப் பகுதித் தோட்டம் ஒன்றில் வீடு சந்திப்புக்குச் சென்றிருந்தபோது, இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞன் என்னைத் தனியே அழைத்துப் பேசினான். மண்சரிவினால் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்து, உறவினரின் லயத்து அறையில் ஒண்டியிருக்கும் குடும்பம் அவனுடையது. ஏப்ரல் 'சீசன்' காலத்தில் நுவரெலியாவில் ஒருவருடைய குதிரையைப் பிடித்து, பிரயாணிகளைச் சவாரி ஏற்றும் கூலி வேலை பார்த்தவன்.

"சாமி, அம்மாவோட சேமலாப நிதிக் காசு வருது. அதுல ஒரு குதிரை வாங்கிட்டா பொழச்சுக்குவோம். நீங்கதான் அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்" என்றான்.

அன்று நான் உடனே பதில் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதை அவனைப் போன்ற வேறு பிள்ளைகளுக்கும், அவர்களின் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஆசை தவறல்ல

மலையகத்தில் குதிரை புதிய மிருகம் அல்ல. கோப்பிக் காலத்திலும், தேயிலைக் காலத்தின் தொடக்கத்திலும் துரைமார் குதிரையேறியே மலை பார்த்தனர். அந்தக் குதிரைக்குப் புல் அறுத்து, தண்ணீர் காட்டி, உடம்பு தேய்த்து, துரைக்குப் பின்னால் ஓடியவர்கள் 'குதிரைக்காரர்' என்று பெயர் பெற்ற நம் முன்னோர்கள். நுவரெலியாவில் 1875ஆம் ஆண்டில் குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. நம் மக்கள் இந்த மலைகளுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023ஆம் ஆண்டில் நினைவுகூர்ந்தோம். இத்தனை காலமும் குதிரையைப் பராமரிக்கும் உழைப்பு நம்முடையதாக இருந்தது. குதிரை மட்டும் பிறருடையதாக இருந்தது. ஆகவே, ஒரு தொழிலாளியின் மகன் தனக்கென்று ஒரு குதிரை வேண்டும் என்று விரும்பினால், அதைக் கேலி செய்ய எவருக்கும் உரிமை இல்லை.

ஆனால் ஆசையை நிறைவேற்றுவதற்கு ஒரு வழி உண்டு. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் சொன்ன உவமையை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். குதிரை வாங்குவதற்கும் அதுவே முதற் பாடம்.

தீனிக் கணக்கு

சந்தையில் குதிரையின் விலையை மட்டுமே சொல்வார்கள். அது ஒரே நாளில் கொடுத்து முடிக்கும் பணம். தீனியோ வருடத்தின் 365 நாளும் கொடுக்க வேண்டியது.

முதலில் குதிரையின் நிறையை அறிந்துகொள்ளுங்கள். தராசு தேவையில்லை, தையற்காரரின் அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். அதை உடம்பின் நீளத்தால் (தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை) பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் நிறை ஏறத்தாழக் கிலோவில் கிடைக்கும். அளவுகள் சென்ரிமீற்றரில் இருக்க வேண்டும். சுற்றளவும் நீளமும் 150 என்றால், குதிரையின் நிறை சுமார் 280 கிலோ.

குதிரைக்கு நாளொன்றுக்கு அதன் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்ந்த தீனி வேண்டும். 280 கிலோ குதிரைக்கு இது ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீரே இருப்பதால், பச்சையாகக் கொடுப்பதானால் 25 கிலோவாவது அறுக்க வேண்டும். வருடத்திற்கு இது 9 தொன்னைத் தாண்டும். குடிப்பதற்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 லீற்றர் சுத்தமான தண்ணீரும் தேவை. குழாயில் ஒரு மணித்தியாலம் மட்டுமே தண்ணீர் வரும் லயத்தில் வாழ்கிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாட்டுக்கு நல்லது குதிரைக்கு ஆகாது

நம்மில் பலர் மாடு வளர்த்துப் பழகியவர்கள். அந்த அனுபவம் உதவும், ஆனால் சில இடங்களில் ஏமாற்றியும் விடும். மாட்டுக்கு இரைப்பை நான்கு அறைகளாக உள்ளது. குதிரைக்கு ஒரே சிறிய இரைப்பை. அது அசைபோடுவதில்லை, வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. கெட்ட தீனி உள்ளே போனால் திரும்பி வராது. ஆகவே பின்வருவனவற்றை மனதில் வையுங்கள்:

1. இப்பில் இப்பில் இலையை மாட்டுக்குப் போடுவதைப் போல் குதிரைக்குப் போட்டால் அதன் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும். கிளிசரியா (சீமைக்கிளுவை) இலையையும் தவிர்க்க வேண்டும். வேலியில் அரளி இருந்தால் அகற்றிவிடுங்கள். அதன் சில இலைகளே உயிரைப் பறிக்கும்.

2. கோழித் தீனையும், பொதி செய்த மாட்டுத் தீனையும் விசாரிக்காமல் கொடுக்க வேண்டாம். அவற்றிற் சிலவற்றில் கலக்கப்படும் ஒரு வகை மருந்து கோழிக்கும் மாட்டுக்கும் தீங்கு செய்யாது, ஆனால் குதிரையின் இருதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும்.

3. மலைநாட்டில் வளரும் கிக்கூயு புல்லும், நேப்பியர், கினிப் புல் வகைகளும் குதிரையின் உடம்பில் கல்சியம் சேர்வதைத் தடுக்கின்றன. அதோடு அரிசித் தவிட்டையும் தாராளமாகக் கொடுத்தால் எலும்பு பலமிழந்து, முகம் வீங்கி, கால் நொண்டும். தவிடு மலிவாகக் கிடைக்கிறது என்று அதையே நம்பியிருக்க வேண்டாம். கல்சியம் கலந்த தாது உப்பை எவ்வளவு கொடுப்பது என்று அரச மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

4. தேயிலை மலையில் அறுக்கும் புல்லுக்குக் களைநாசினி அடிக்கப்பட்டதா என்று முதலில் விசாரியுங்கள். பூஞ்சணம் பிடித்த புல்லை எறிந்துவிடுங்கள்.

குதிரை அடிக்கடி வயிற்றைத் திரும்பிப் பார்த்தாலும், முன்னங்காலால் நிலத்தைச் சுரண்டினாலும், விழுந்து புரண்டாலும், சாணம் போடாமல் நின்றாலும், அது வயிற்றுவலி. குதிரைகள் பெரும்பாலும் சாவது இதனால்தான். தீனியை நிறுத்திவிட்டு உடனே வைத்தியரை அழையுங்கள். எண்ணெயையோ கசாயத்தையோ வாயில் ஊற்ற வேண்டாம். அது சுவாசப்பைக்குள் போனால் குதிரை பிழைக்காது.

சுமையும் குளம்பும்

ஒரு குதிரை தன் நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது. நாம் கணக்குப் பார்த்த 280 கிலோ குதிரை 56 கிலோ வரை சுமக்கலாம். இதில் சேணத்துக்கு 8 கிலோ போனால் மீதி 48. அதாவது பிள்ளைகளையும் மெலிந்தவர்களையும் மட்டுமே ஏற்றலாம். வளர்ந்த ஆட்களை நாள் முழுவதும் ஏற்றினால் முதுகு புண்ணாகி, அடுத்த சீசனுக்கு முன்பே குதிரை கெட்டுவிடும். மிருகத்தை வதைப்பது 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றமுமாகும்.

குளம்பை ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு முறை செதுக்க வேண்டும். தார் வீதியில் வேலை செய்யும் குதிரைக்கு லாடமும் வேண்டும். மஸ்கெலியாவில் தென்மேல் பருவமழை மே மாதம் தொடங்கினால் செப்ரெம்பர் வரை ஓயாது. சேற்றில் நிற்கும் குதிரைக்குக் குளம்பின் அடி அழுகி நாற்றமெடுக்கும். எனவே மேடான, உலர்ந்த தரையும் ஒழுகாத கூரையும் உள்ள கொட்டில் அவசியம்.

ஏர்ப்புவலிக் கிருமி குதிரைச் சாணத்தில் இருக்கக்கூடும். குதிரைக்கும், அதோடு பழகும் வீட்டார் அனைவருக்கும் ஏர்ப்புவலித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அந்தச் சாணத்தை நன்றாக மக்கவைத்தால் லீக்ஸ், கரட் பாத்திகளுக்கு நல்ல பசளையாகும்.

வருமானம் நின்ற காலங்கள்

சீசன் ஒரு மாதம். பிரயாணிகள் வரும் வார இறுதிகள் இன்னும் சில உண்டு. மற்ற நாட்களிலும் குதிரை சாப்பிடும். அண்மைக் கால அனுபவத்தையும் மறக்கக்கூடாது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்ததும் பிரயாணிகளின் வரவு தடைப்பட்டது. 2020இல் கொரோனாவினால் நாடே முடங்கியது. 2022இல் எரிபொருள் இல்லாமல் வாகனங்கள் வரிசையில் நின்றன. அக்காலத்தில் கடைக்காரர் கடையைப் பூட்டலாம், வாகனக்காரர் வாகனத்தை நிறுத்தி வைக்கலாம். குதிரைக்காரருக்கு அந்த வசதி இல்லை. தீனி போட வழியில்லாதபோது வீதியில் விடப்படும் குதிரை குப்பை மேட்டில் பொலித்தீனைத் தின்று வயிறு அடைத்துச் சாகும்.

எனவே வாங்கும் விலையோடு ஆறு மாதத் தீனிக்கான பணமும் கையில் இருந்தாலன்றி வாங்க வேண்டாம். தாயின் சேமலாப நிதி முழுவதையும் இதில் போடுவது எவ்வகையிலும் தகாது. அது முதுமைக்கான ஒரே ஊன்றுகோல்.

கட்டுவதற்கு இடம் எது?

இடம்பெயர்ந்த நமக்கு இதுவே மிகப் பெரிய கேள்வி. 1960களின் பிற்பகுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. நீர் வற்றும் காலத்தில் பழைய வழிபாட்டுத் தலங்களின் சுவர்கள் இன்றும் வெளியே தெரிகின்றன. 1977, 1983 வன்செயல்களினால் இம்மலைகளை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றவர்கள், போரினால் அங்கிருந்தும் எழும்ப நேர்ந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. ஒவ்வொரு முறையும் மனிதர் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினர். மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்த வேதனை உங்களில் பலருக்குத் தெரியும்.

குதிரை 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. இன்று தங்கியிருக்கும் இடத்தில் நாளை இருப்போமா என்ற நிச்சயம் இல்லாத குடும்பம், அத்தனை ஆண்டுகள் வாழும் ஓர் உயிருக்குப் பொறுப்பேற்கிறது. லயத்துக் காணி தோட்டத்துக்குரியது. கொட்டில் போடவும் புல் நடவும் முகாமையின் அனுமதியை எழுத்தில் பெற வேண்டும். வாய்ச் சொல் துரை மாறினால் மாறிவிடும். காணி உறுதிக்காக நம் மக்கள் நெடுங்காலமாகக் குரல் எழுப்புவது வீட்டுக்காக மாத்திரமல்ல, இப்படி ஒரு தொழிலைத் தொடங்குவதற்காகவும்தான்.

என்ன செய்யலாம்?

முதலாவது, இன்னும் ஒரு சீசன் அனுபவமுள்ள ஒருவரிடம் வேலை செய்து, குளம்பு பார்ப்பதையும் நோய் அறிவதையும் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவது, குதிரைக்கு முன் புல்லை நடலாம். புல் வளர்ந்தும் குதிரை வாங்க முடியாமற்போனால், அதை மாட்டுக்காரருக்கு விற்கலாம். மூன்றாவது, இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாம். செலவு, வேலை, வருமானம் மூன்றையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

வாங்கும்போது பல்லைப் பாருங்கள். முன்வரிசையின் நடுப் பாற்பற்கள் இரண்டரை வயதளவில் விழும். ஐந்து வயதில் முன்பற்கள் எல்லாம் நிலைப்பற்களாகிவிடும். இளங்குட்டியின் மேல் சவாரி ஏற்றக் கூடாது. பந்தயத்திலிருந்து கழிக்கப்பட்ட குதிரை மலிவாகக் கிடைத்தால், அது ஏன் கழிக்கப்பட்டது என்று கேளுங்கள். கடினமான தரையில் நடக்கவிட்டு நொண்டுகிறதா என்று பாருங்கள். நான்கு கால்களையும் தூக்கிப் பாருங்கள். மிருக வைத்தியர் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

இவற்றை அந்த இளைஞனிடமும் தாயிடமும் ஒன்றாக உட்கார்ந்து பேசினேன். அவன் முகம் முதலில் வாடியது. தாய்தான், "புல்ல நடு தம்பி, புல்லுக்கு நான் காவல்" என்றார். அனுமதி பெற்ற ஓடைக்கரைத் துண்டில் இப்போது புல் முழங்கால் உயரம் நிற்கிறது. குதிரை இன்னும் வரவில்லை. சேமலாப நிதி வங்கியில் தாயின் பெயரிலேயே இருக்கிறது.

குழுக்களில் கலந்துரையாட:

1. நம் பகுதியில் கால்நடை வளர்க்க எழுத்து மூல அனுமதி பெற்ற குடும்பங்கள் எத்தனை? மற்றவர்கள் அதைப் பெறுவது எப்படி?

2. மழை, மண்சரிவு அபாயம் வந்தால், மனிதரோடு கால்நடைகளையும் கொண்டு செல்ல நமக்கு ஓர் இடம் உண்டா?

3. நம் பிள்ளைகள் தொடங்க விரும்பும் தொழிலின் ஒரு வருடச் செலவை அவர்களோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்திருக்கிறோமா?