தீர்ப்புச் சொல்லலாமா, கூடாதா?

வேதம் வாசிக்கும் வழக்கமுள்ள வீடுகளில் அடிக்கடி எழும் ஐயம் ஒன்றுண்டு. மத்தேயு சுவிசேஷம் 7-ஆம் அதிகாரத்தில், மற்றவர்மேல் தீர்ப்புக் கூறவேண்டாம் என்று இயேசு தடுக்கிறார். யோவான் 7-ஆம் அதிகாரத்திலோ, நியாயமான தீர்ப்பையே கூறும்படி சொல்கிறார். எதைக் கைக்கொள்வது?

இந்தக் கேள்வி நம் வாசல்வரை வருகிறது, வாசகர்களே. பக்கத்து வீட்டில் ஒருவர் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறார். "நியாயம் பேச நாம் யார்?" என்று முதல் வசனத்தைச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வோர் உண்டு. வேலை முடிந்து இருட்டியபின் வீடு திரும்பும் பெண்பிள்ளையைப் பற்றிக் கதை கட்டுவோரும் உண்டு. கேட்டால் இரண்டாவது வசனம் அவர்களுக்குக் கைகொடுக்கும்.

ஒரே சொல், பல பொருள்

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. இவ்விரு இடங்களிலும் மூலத்தில் வருவது 'கிரீனோ' என்ற ஒரே வினைச்சொல். பிரித்தறிவதும் அதுதான், முடிவு செய்வதும் அதுதான், ஒருவனைத் தண்டனைக்குரியவன் என்று தள்ளுவதும் அதுதான். நம் பழைய தமிழ் வேதாகமம், மத்தேயுவில் குற்றவாளியெனத் தீர்ப்பதையும் யோவானில் தீர்ப்புச் செய்வதையும் தனித்தனிச் சொற்களால் காட்டுகிறது. பொருள் எது என்பதை இடம் பார்த்துத்தான் அறியவேண்டும்.

மத்தேயுவில் இயேசு துரும்பையும் உத்திரத்தையும் உவமை காட்டுகிறார். உன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடுத்தபின், சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க உதவு என்பது அதன் கருத்து. துரும்பை அப்படியே விட்டுவிடும்படி அவர் சொல்லவில்லை. அதே அதிகாரத்திலேயே, கள்ளப் போதகர்களைக் கனியைப் பார்த்து அடையாளம் காணவும் சொல்கிறார்.

யோவானில் வரும் சூழ்நிலை வேறு. 38 ஆண்டுகள் நோயாய்க் கிடந்த மனிதனை இயேசு ஓய்வுநாளில் குணமாக்கினார். அதற்காக அவர்மேல் கோபம் கொண்டார்கள். ஓய்வுநாளில் விருத்தசேதனம் செய்கிறவர்கள், ஒரு முழு மனிதனைச் சுகப்படுத்தியதற்காகக் கோபிக்கலாமா என்று அவர் கேட்கிறார். மேலோட்டமாய்ப் பார்த்து முடிவுகட்டுவதையே அங்கே அவர் கண்டிக்கிறார்.

பவுல் வகுத்த எல்லை

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுலும் இரண்டையும் சொல்கிறார். 4-ஆம் அதிகாரத்தில், இருதயத்தின் மறைவான எண்ணங்களைக் கர்த்தர் வெளியாக்கும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறார். 5-ஆம் அதிகாரத்தில், தகப்பனுடைய மனைவியோடு வாழ்ந்த ஒருவனைச் சபையைவிட்டு விலக்கச் சொல்கிறார்; சபைக்கு வெளியே உள்ளவர்களைத் தேவனிடம் விடுகிறார். உள்ளத்தை அளப்பது தேவனுடைய வேலை. வெளிப்படையான தீச்செயலைச் சபை கேட்டே ஆகவேண்டும். அப்படிக் கேட்பதும் அழிப்பதற்காக அல்ல. தவறியவனைச் சாந்தத்தோடு சீர்ப்படுத்தவேண்டும் என்று கலாத்தியர் 6-ஆம் அதிகாரம் கூறுகிறது.

ஆகவே, வாய் திறக்குமுன் மூன்று கேள்விகள்: நான் கண்டது செயலா, வெறும் ஊகமா? இதே குறை என்னிடம் இருக்கிறதா? என் பேச்சால் யாருக்காவது நன்மை உண்டா?

இருட்டில் வீடு திரும்பும் பெண்ணைப் பற்றிய பேச்சு முதல் கேள்வியிலேயே நின்றுபோகும். நாம் கண்டது அவள் நடந்து வந்ததை மட்டுமே. அடிபடும் பெண்ணின் நிலை அப்படியன்று. காயம் கண்ணுக்குத் தெரிகிறது, அலறல் காதில் விழுகிறது. மலேசியாவில் 1994-ஆம் ஆண்டே குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அவளுக்குக் கதவைத் திறந்துவிடுவதும், போலீஸ் நிலையத்துக்குத் துணையாகப் போவதும் அந்த வசனத்தை மீறுவதாகாது.

வேதம் வாசிக்காத வீடுகளுக்கும் இது பொருந்தும். அடுத்த வீட்டு அலறலுக்குக் கதவைத் திறப்போம். அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிய புறணிக்கு அதைச் சாத்துவோம்.