ஆறாவது ஆள்

பள்ளத்தாக்கின் மைதானங்கள் – 9

மே மாதம் பிறந்தால் பெரியகுளத்துக்கு இரண்டு வரத்து உண்டு. ஒன்று, மலையடிவாரத் தோப்புகளிலிருந்து இறங்கும் மாம்பழம். மற்றொன்று, நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் வந்து சேரும் கூடைப்பந்து அணிகள். வராக நதியின் இரு பக்கமும் தென்கரை, வடகரை என்று பிரிந்து கிடக்கும் இந்த ஊரின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 43,000. அதைவிடப் பெரிய எத்தனையோ நகரங்களின் பெயரைக் கேட்டிராத கடற்படை வீரருக்கும் விமானப்படை வீரருக்கும் பெரியகுளம் என்றால் தெரியும். பந்தோடு ஒரு முறையாவது இங்கே வந்து போயிருப்பார்.

சில்வர் ஜூபிளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி 60 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்கான இந்தப் போட்டிக்கு இந்தியக் கடற்படை, விமானப்படை, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கேரள மின்வாரியம் என்று நாட்டின் முன்னணி அணிகள் வந்து ஆடியிருக்கின்றன. ஆட்டங்கள் மின்னொளியில் நடக்கும். பகல் வெயில் தணிந்து, கொடைக்கானல் மலைப்பக்கமிருந்து காற்று இறங்கும் நேரத்தில் ஊர் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துக்கொண்டு கிளம்பிவிடும். கோடை விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகளும் தாத்தாக்களோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

சென்ற வாரம் வாடிவாசல் முன் திரளும் கூட்டத்தைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் பேச வேண்டியது, ஆடுகளத்தைச் சுற்றி உட்காரும் கூட்டத்தைப் பற்றி. பெரியகுளத்தின் கூட்டம் எனக்குள் ஒரு கேள்வியை எழுப்பியது. சொந்த ஊரில் ஆடும் அணிக்குப் பலம் அதிகம் என்று உலகமே சொல்கிறது. அந்தப் பலத்தைக் கொடுப்பது கூட்டம் என்கிறார்கள். ஆனால் பெரியகுளத்தில் இறுதி ஆட்டத்தின் இரவில் களத்தில் நிற்கும் இரண்டு அணிகளுமே பெரும்பாலும் வெளியூர் அணிகள். பிறகு அந்தக் கூட்டம் யாருக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறது?

சொந்த மண்ணின் பலம் என்பது நிஜமா, பிரமையா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1977-இல் ஷ்வார்ட்ஸ், பார்ஸ்கி என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் இதை எண்ணிப் பார்த்தார்கள். பேஸ்பால் ஆட்டங்களில் பாதிக்குச் சற்று மேல் மட்டுமே உள்ளூர் அணி வென்றது. கல்லூரிகளுக்கிடையிலான அமெரிக்கக் கால்பந்தில் அது ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தொட்டது. கூரையின் கீழ் நெருக்கியடித்து உட்காரும் ஐஸ் ஹாக்கி, கூடைப்பந்து ஆகியவற்றில் இன்னும் அதிகம். கூட்டம் களத்துக்கு எவ்வளவு நெருக்கமோ, உள்ளூர் அணிக்கு அவ்வளவு லாபம் என்பது அவர்கள் கண்ட முடிவு.

காரணங்களில் கூட்டமும் ஒன்று. அது மட்டுமே காரணமில்லை. இரவெல்லாம் பஸ்ஸில் தூங்காமல் வந்த வெளியூர்க்காரனின் கால், இரண்டாம் பாதியில் கனத்துவிடும். தளம் பழகியிருப்பதும் பெரிய விஷயம். நம் பக்கத்து ஆடுகளங்கள் பெரும்பாலும் திறந்தவெளி சிமென்ட் தளங்கள். எந்த மூலையில் பந்து சரியாக எழும்பாது, எந்தப் பலகையில் பட்டால் பந்து கடுமையாகத் திரும்பும், சாயங்காலக் காற்று எந்தப் பக்கம் வீசும் என்பதெல்லாம் அங்கேயே ஆடி வளர்ந்த பையனின் உடம்புக்குத் தெரியும். ஆள் ஆறடிக்கு மேல் இருந்தாலும், 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும் வளையத்துக்கு எறிகிற பந்தை ஒரு சின்னக் காற்று திருப்பிவிடும்.

ஆனால் ஆராய்ச்சியாளர்களைத் திடுக்கிட வைத்த காரணம் இன்னொன்று. கூட்டத்தின் சத்தம் ஆட்டக்காரர்களைத் தொடுவதற்கு முன் நடுவரைத் தொடுகிறது.

இங்கிலாந்தில் நெவில் என்பவரும் அவரது சகாக்களும் 2002-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தகுதி பெற்ற 40 கால்பந்து நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் இரைச்சலோடு, மீதிப் பேருக்குச் சத்தமே இல்லாமல். இரைச்சலோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் 15.5 சதவீதம் குறைவாக இருந்தன. அவர்களில் யாரும் நேர்மையற்றவர் இல்லை. ஒரு நொடிக்குள் முடிவெடுக்க வேண்டிய நேரத்தில், ஆயிரம் பேர் சேர்ந்து எழுப்பும் குரல் சாட்சியாக மாறிவிடுகிறது. அவ்வளவுதான்.

கூடைப்பந்திலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 1983-இல் கிரீர் என்பவர் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆட்டங்களில் கூட்டம் விடாமல் ஊளையிட்ட நேரங்களைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பின் நடந்ததைக் கணக்கிட்டார். உள்ளூர் அணி பெரிதாக உயர்ந்துவிடவில்லை. வெளியூர் அணிதான் சரிந்தது. அதன்மீது விழுந்த ஃபவுல்களும் அந்தச் சரிவில் ஒரு பங்கு. கூடைப்பந்தில் மோதியது யார், மோதப்பட்டது யார் என்பது எப்போதும் நூலிழைத் தீர்ப்பு. முட்டிக்கொண்டு இருவரும் விழுந்த மறுகணமே கேலரியில் பாதிப் பேர் எழுந்து நின்று கையை நீட்டிவிடுவார்கள். விசில் நடுவரின் வாயில் இருந்தாலும் அதை ஊதுகிற மூச்சு யாருடையது என்ற சந்தேகம் அப்போது வரும்.

பிறகு கொரோனா வந்து உலகத்தையே ஒரு சோதனைக்கூடமாக்கியது. 2020 மே 16 அன்று ஜெர்மனியின் புண்டஸ்லிகா கால்பந்துத் தொடர் காலி மைதானங்களில் மீண்டும் தொடங்கியது. அதே அணிகள், அதே புல்தரை, அதே கோல் கம்பம். ஆட்கள் மட்டும் இல்லை. உள்ளூர் அணிகளின் வெற்றி விகிதம் இறங்கியது. வெளியூர் அணிகள் மீது வழக்கமாக விழுந்த கூடுதல் மஞ்சள் அட்டைகளும் குறைந்தன. கூட்டம் உண்மையிலேயே ஆடிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய நிரூபணம் வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தின் சூட்டில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் ஆட்டங்கள் சேப்பாக்கத்தை விட்டுப் புனேவுக்குப் போயின. சென்னையில் ஒரே ஒரு ஆட்டம்தான் நடந்திருந்தது. ரசிகர்கள் தனி ரயிலேறிப் புனேவுக்கே போனார்கள். அங்கே ஆடிய ஆறு ஆட்டங்களில் ஐந்தில் சென்னை வென்றது. அந்த ஆண்டின் கோப்பையையும் தூக்கியது. தளம் புதிது, ஊர் புதிது. மஞ்சள் சட்டைகள் மட்டும் பழையவை. சொந்த ஊர் என்பதில் எவ்வளவு மண், எவ்வளவு மனிதர்கள் என்று யோசிக்க வைத்த பருவம் அது.

கூட்டமே பாரமாகவும் மாறும். எதிர்பார்ப்பின் கனத்தில் உள்ளூர் அணி கடைசி ஆட்டத்தில் தடுமாறுகிறது என்று 1984-இல் பாமைஸ்டர், ஸ்டைன்ஹில்பர் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். பின்னால் அதற்கு மறுப்புகளும் வந்தன. விவாதம் எப்படி முடிந்தாலும், ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றவர்களுக்கு அந்தக் கனம் தெரியும். மாமாவும் சித்தப்பாவும் தெருவில் இஸ்திரி போடுபவரும் பார்த்துக்கொண்டிருக்க, ஊர்ப் பையன் பந்தைத் தட்டித் தட்டி நிறுத்துகிறான். விவரம் தெரிந்த கூட்டம் அந்தச் சில விநாடிகள் வாயை மூடிக்கொள்ளும். பெரியகுளத்துப் பெரியவர்கள் பக்கத்திலிருக்கும் சிறுவனின் தோளை அழுத்தி உட்கார வைப்பதைப் பார்த்திருக்கிறேன். எப்போது கத்துவது என்பதோடு எப்போது கத்தக்கூடாது என்பதையும் அந்த ஊர் பரம்பரையாகச் சொல்லிக்கொடுத்து வருகிறது.

என் கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. அறுபது கோடைகளாக நல்ல ஆட்டத்தைப் பார்த்த கண்கள் அவை. அப்பா பார்த்தார், மகன் பார்த்தான், இப்போது பேத்தி பார்க்கிறாள். பின்தங்கியிருக்கும் அணி எழுந்து வரும்போது, அது எந்த ஊர் அணியாக இருந்தாலும், கேலரி அதன் பக்கம் சாய்கிறது. நீள எறிந்து மூன்று புள்ளி எடுத்தவனுக்குக் கிடைக்கும் கைதட்டல், நேற்று இரவு அவன் எதிரணிக்குக் கிடைத்த அதே கைதட்டல். யாருக்கும் அது சொந்த மைதானம் இல்லாததால், ஆடுகிற எல்லோருக்கும் அது சொந்த மைதானமாகிவிடுகிறது. நாடு முழுக்க உள்ளரங்குகள் வந்துவிட்ட பிறகும் வீரர்கள் இந்தச் சிற்றூருக்கு வருவதில் அந்தக் கைதட்டலுக்கு ஒரு பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

தமிழ்நாட்டுக் கூட்டத்துக்கு இந்தக் குணம் புதிதில்லை. 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் 136 ரன் எடுத்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றது. மனம் உடைந்த அந்த அரங்கம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். வென்ற எத்தனையோ ஆட்டங்களை மறந்த சென்னை, தோற்ற அந்த ஆட்டத்தை இன்றும் பெருமையோடு சொல்கிறது.

இப்போது அமெரிக்காவின் ஒரு கல்லூரிக் கதைக்கு வருகிறேன். 1922 ஜனவரி 2, டாலஸ் நகரம். அமெரிக்கக் கால்பந்தில் டெக்சாஸ் ஏ அண்டு எம் கல்லூரி, பலம் மிகுந்த சென்டர் கல்லூரியோடு மோதியது. ஒருவர் பின் ஒருவராக அடிபட்டு வெளியேற, மாற்று ஆட்கள் தீர்ந்துபோகும் நிலை. பயிற்சியாளர் டானா பைபிளுக்கு கிங் கில் என்ற மாணவனின் ஞாபகம் வந்தது. கால்பந்து அணியிலிருந்து விலகிக் கூடைப்பந்து அணிக்குப் போய்விட்டவன் அவன். அன்று பத்திரிகையாளர்களுக்கு ஆட்டக்காரர்களை அடையாளம் காட்டிக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டதும் இறங்கி வந்து, அடிபட்டவனின் உடையை மாட்டிக்கொண்டு, களத்தின் ஓரத்தில் நின்றான். ஆட்டம் முடியும்வரை நின்றான். அவனை இறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அவன் அணி 22–14 என்று வென்றது. அந்த நாளின் நினைவாக அந்தக் கல்லூரி மாணவர்கள் இன்றுவரை சொந்த மைதானத்தில் ஆட்டம் முழுக்க உட்காராமல் நிற்கிறார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கைகள் உள்ள மைதானத்தில், பதினொரு பேர் அணிக்குப் பன்னிரண்டாவது ஆள் நாங்கள் என்பது அவர்கள் வாக்கு.

கில் ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை. தேவைப்பட்டால் இறங்குவதற்கு ஒருவன் இருக்கிறான் என்ற தெம்பைத்தான் கொடுத்தான். நல்ல கூட்டம் தன் அணிக்குக் கொடுப்பதும் அதே தெம்புதான். நடுவரை மிரட்டிப் பிடுங்கும் ஃபவுலில் அந்தத் தெம்பு இல்லை.

இதை எழுதும்போது என் மனம் நம் கம்பம் பள்ளத்தாக்கின் கல்லூரி மைதானங்களைச் சுற்றியே வருகிறது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956-இலிருந்து இருக்கிறது. பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி 1971-இல் வந்தது. போடியிலும் தேனியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. கம்பம், கூடலூர், சின்னமனூர்ப் பிள்ளைகள் இங்கெல்லாம் படிக்கிறார்கள். கபடியும் கைப்பந்தும் கூடைப்பந்தும் ஆடுகிறார்கள். கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகள் நம் ஊர்களில் பொதுவாக எப்படி நடக்கின்றன? வேலை நாளில், வகுப்பு நேரத்தில், உச்சி வெயிலில். பார்ப்பவர்கள் உடற்கல்வி இயக்குநரும், மாற்று ஆட்களும், வேப்பமரத்தடியில் நாலு பேரும். ஆயிரக்கணக்கில் மாணவர்கள் படிக்கும் வளாகத்துக்குள்ளேயே அந்த அணி, வெளியூர் அணியைப் போல ஆடிவிட்டுப் போகிறது. மாணவிகளின் ஆட்டம் என்றால் அந்த நாலு பேரும் இருப்பதில்லை.

இதை மாற்றப் பெரும் பணம் தேவையில்லை. ஆட்டத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றலாம். பெரியகுளம் மின்னொளியில் காட்டிய வழி அது. விடுதி மாணவர்களை அழைத்து வரலாம். ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசலைத் திறந்துவிடலாம். ஆட்டத்தின் விதிகளை ஒலிபெருக்கியில் சுருக்கமாகச் சொல்லலாம். விதி தெரிந்தவன் கைதட்டுவான், தெரியாதவன்தான் கல்லெடுப்பான். வெளியூர் அணிக்கு முதல் கைதட்டலைக் கொடுக்க வேண்டும் என்பதை வழக்கமாக்கலாம். நடுவரை நோக்கி எழும் வசவை அந்தக் கல்லூரி மாணவர்களே அடக்க வேண்டும். சத்தம் தீர்ப்பை வளைக்கும் என்று தெரிந்த பிறகும் அதைச் செய்வது, தன் அணியின் வெற்றியைத் தானே களங்கப்படுத்துவது.

கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். ஆறாவது ஆளாக வருவதற்கு உயரம் வேண்டாம், வேகம் வேண்டாம், வயதும் தடையில்லை. உங்கள் கல்லூரி அணியோ, உங்கள் ஊர்ப் பெண்களின் அணியோ அடுத்த முறை ஆடும்போது போய் உட்காருங்கள். எதிரணி நன்றாக ஆடினால் அதற்கும் கைதட்டுங்கள். பெரியகுளம் அறுபது ஆண்டுகளாகச் செய்வதைக் கூடலூர்வரைக்கும் எல்லா ஊரும் செய்ய முடியும்.

(அடுத்த வாரம்: மண் தரையிலிருந்து மேட்டுக்குப் போன கபடி)