ஒரு மரமும் இரு பங்கசுகளும்

பாணிலே பச்சை நிறமாகப் பங்கசு படர்ந்தால், நாம் முகஞ்சுளித்து அதனை வீசிவிடுகின்றோம். பங்கசு என்றாலே கேடு என்பது நம்மிற் பலருடைய எண்ணம். வட அமெரிக்க மலைகளில் வாழும் ஒரு மரத்தின் கதையைக் கேட்டால், அவ்வெண்ணத்தைச் சிறிது மாற்றிக்கொள்வோம்.

வெண்பட்டைப் பைன் என்பது அம்மரம். றொக்கி மலைத்தொடரின் உயரங்களில், ஏனைய மரங்கள் தாங்கமாட்டாத குளிரிலும் காற்றிலும் அது வளரும். ஆயிரம் ஆண்டு கடந்த மரங்களும் உள. அதன் வித்து காற்றிற் பறப்பதன்று. 'நட்கிராக்கர்' என்னும் பறவை பனிக்கால உணவுக்கென மண்ணிற் புதைத்துவைக்கும் வித்துகளுள், உண்ணப்படாது எஞ்சியவையே முளைக்கின்றன.

முளைத்த கன்றுக்கு அங்கே கிடைப்பது கல்லும் வளமற்ற மண்ணுமே. அந்நிலையில் அதற்குத் துணையாவது ஒருவகைப் பங்கசு. அது நுனிவேர்களை உறைபோலப் போர்த்து, மயிரினும் மெல்லிய இழைகளை மண்ணுட் செலுத்தி, நீரையும் நைதரசன், பொசுபரசு ஆகிய ஊட்டங்களையும் தேடிக் கொடுக்கின்றது. மரமோ, தன் இலைகள் வெயிலில் ஆக்கிய வெல்லத்தில் ஒரு பங்கை அதற்கு ஈடாக அளிக்கின்றது. இவ்வுறவுக்கு 1885 ஆம் ஆண்டில் 'மைக்கோரைசா' எனப் பெயரிட்டவர் ஜேர்மன் தாவரவியலாளர் அல்பேட் பிராங்க். 'பங்கசுவேர்' என்பது அதன் பொருள்.

இம்மரத்தின் பகையும் ஒரு பங்கசே! 1910 ஆம் ஆண்டளவில், ஐரோப்பாவிலிருந்து வந்த பைன் நாற்றுகளோடு கொப்புளத் துருநோய்ப் பங்கசு கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. இலைவழியே புகுந்து, பட்டையைச் சுற்றி வளைத்து, மரத்தைக் கொல்வது அதன் இயல்பு. பட்டை வண்டுகளும் காட்டுத்தீயும் வெப்பமுறும் காலநிலையும் அதனோடு சேர்ந்தன. 2022 டிசெம்பரில் அமெரிக்க ஐக்கிய நாட்டு அரசு, இதனை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது.

துருநோயைத் தாங்கிநின்ற மரங்களின் வித்தைக்கொண்டு இன்று நாற்றுகள் வளர்க்கப்படுகின்றன. ஆனால், நாற்றுமேடை மண்ணில் அம்மலைப் பங்கசு இல்லை. எனவே மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கேத்தி கிரிப்ஸ், 'சுயில்லசு' என்னும் காளானை அக்காடுகளிலே திரட்டி, அதன் வித்திகளை நீரிற் கரைத்து நாற்றின் வேரடியிற் செலுத்தும் முறையைக் கையாண்டார். கனடாவின் வாட்டர்டன் லேக்ஸ் தேசியப் பூங்காவில் நடப்பட்ட நாற்றுகளுள், இவ்வாறு பங்கசு ஊட்டப்பெற்றவை கூடுதலாகப் பிழைத்தன.

கொல்வதும் பங்கசு, காப்பதும் பங்கசு. மரத்தை மட்டும் நட்டாற் போதாது. மண்ணுள் மறைந்திருக்கும் அதன் துணையையும் சேர்த்தே நடவேண்டும் என்பது இதனால் நாம் அறியும் பாடமாகும்.