மின்னேற்றம் நில்லாத மோட்டார் பாட்டரி

கொச்சி உப்பங்கழியின் மேற்குக் கரையில் அமைந்த மட்டாஞ்சேரியில் ஆண்டின் பெரும்பகுதி காற்று ஈரமாகவே இருக்கும். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால், பஜார் சாலையில் சுக்கும் மிளகும் அடுக்கிய கிடங்குகளின் எதிரே வண்டிகள் நாட்கணக்கில் நனைந்தபடி நிற்கும். காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஓசை மட்டும் எழுந்து எஞ்சின் அசையாமற் போவது அங்கு அதிசயமன்று. பாட்டரி கெட்டது என்று முடிவு கட்டுவதும், புதியது ஒன்று வாங்குவதும், அதுவும் இரண்டு மாதத்தில் அவ்வாறே சோர்ந்து நிற்பதும் அவ்வூரில் மட்டும் நடப்பவையல்ல. தடுப்பு மருந்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு உட்கிராமத்திற்குப் புறப்படும் கள ஊழியருக்கு இது பணநஷ்டத்தோடு நிற்பதில்லை. ஆகவே குற்றம் பாட்டரியில்தானா, அல்லது வேறிடத்திலா என்று முதலில் தெளிவது அவசியம்.

பாட்டரியை மின்சாரம் நிரப்பிய குடம் என்று எண்ணுவது பெரும் பிழைகளுக்கு வழி செய்கிறது. அதனுள் இருப்பது ஒரு ரசாயன மாற்றம். ஒரு தகட்டில் பஞ்சு போன்ற ஈயமும், மற்றொன்றில் ஈய டையாக்சைடும் உள்ளன. இடையே நீர்த்த கந்தக அமிலம். மின்னோட்டத்தை வெளியே கொடுக்கும்போது இருவகைத் தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலம் நீர்த்துக்கொண்டே போகிறது. மின்னேற்றும்போது இம்மாற்றம் திரும்புகிறது. பிரெஞ்சு விஞ்ஞானி பிளாண்டே 1859இல் அமைத்த கலம் இதுவே. ஒரு கலம் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறு கலங்கள் தொடராக இணைந்தால் 12.6 வோல்ட். 1912இல் காடிலாக் மோட்டார் வண்டிகளில் மின்சாரக் கிளப்பி வந்தபின், கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் உழைப்பு பாட்டரியின் தலையில் விழுந்தது.

சோதனை கண்ணால் பார்ப்பதில் தொடங்கவேண்டும். முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் படிவு, தளர்ந்த கவ்வி, தேய்ந்த கம்பி ஆகியவை நல்ல பாட்டரியையும் செத்ததுபோற் காட்டும். கடற்காற்று வீசும் ஊர்களில் இப்படிவு விரைவில் உண்டாகிறது. முதலில் எதிர் முனையையும் பின்னர் நேர் முனையையும் கழற்றி, கலங்களின் மூடிகளை இறுக மூடிவிட்டு, ஆப்பச் சோடா கரைத்த வெந்நீரால் கழுவ வேண்டும். அந்நீரில் ஒரு துளியும் கலத்தினுள் இறங்கலாகாது. உலர்ந்தபின் முனைகளைப் பளபளப்பாகத் தேய்த்துப் பூட்டி, மேலே வாசலின் தடவிவிட்டால் போதும்.

இதே ஈரத்தில் மற்றொரு திருட்டும் நடக்கிறது. பாட்டரியின் மேல்மூடியில் அமிலத் துளியும் தூசியும் உப்பீரமும் சேர்ந்து மெல்லிய பூச்சாகப் படிந்தால், அது ஒரு முனையிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் கசியும் பாதையாகிறது. வோல்ட்மானியின் ஒரு கம்பியை எதிர் முனையிலும், மற்றதை மூடியின் மேற்பரப்பிலும் வைத்துப் பார்த்தால் முள் நகரும். துடைத்தபின் மீண்டும் வைத்தால் முள் நகராது. இதனினும் எளிய, கண்முன் நிற்கும் நிரூபணம் வேறில்லை. பாட்டரியை சிமெண்டுத் தரையில் வைத்தால் மின்சாரம் தரைக்குள் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை இன்றும் பட்டறைகளில் உலவுகிறது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அது பொருந்தாது. இறங்குவது மூடியின் அழுக்கு வழியாகத்தான்.

அடுத்து வண்டியின் நடமாட்டத்தைக் கேட்டறிய வேண்டும். மட்டாஞ்சேரியின் குறுகிய தெருக்களில் ஒரு வண்டி நூறு கஜம் ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்கிறது. ஒவ்வொரு முறை கிளப்புவதுமே பாட்டரியைத் தின்றுவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். கணக்கு வேறாகச் சொல்லுகிறது. கிளப்பி 200 ஆம்பியரை 3 வினாடி இழுத்தாலும் செலவாவது ஆம்பியர்-மணியில் ஆறில் ஒரு பங்குதான். ஓடும் எஞ்சின் 10 ஆம்பியர் மிகுதியாகத் தந்தால் ஒரே நிமிடத்தில் ஈடாகிவிடும். அந்த மிகுதிதான் கிடைப்பதில்லை. மழையில் முன்விளக்கும், துடைப்பானும், விசிறியும் ஒருங்கே இயங்க, எஞ்சினோ மெதுவாக முனகிக்கொண்டிருக்கும். ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் அவற்றிற்கே சரியாகப் போய்விடும். எஞ்சின் சற்று வேகமாக ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காணவேண்டும். அதற்குக் குறைந்தால் வார்ப்பட்டை தளர்ந்துள்ளதா, ஒழுங்கு செய்யும் கருவி பழுதா என்று பார்க்கவேண்டும். கூடினாலும் தீமையே; நீர் கொதித்ததுபோற் பொங்கி வற்றிவிடும்.

நிறுத்திய வண்டியில் மறைவாக எரியும் விளக்கு வேறொரு பகைவன். பெட்டியறையினுள் 5 வாட் விளக்கு ஒன்று அணையாதிருந்தால் நாளொன்றுக்கு 10 ஆம்பியர்-மணி போகும். 35 ஆம்பியர்-மணிப் பாட்டரி நான்காம் நாள் வெறுமையாகும். எதிர் முனைக்கும் அதன் கம்பிக்கும் இடையே ஆம்பியர்மானியைத் தொடராக இணைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். அந்நிலையில் எஞ்சினைக் கிளப்ப முயன்றால் மானி எரிந்துபோகும். இக்கால வண்டிகளின் மின்னணுக் கருவிகள் உறங்கச் சிறிது நேரமாகுமாதலால் அரைமணி பொறுத்து, கணக்கு 50 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்டால், ஃபியூசுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கவேண்டும். எதைக் கழற்றியதும் முள் விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் கசிவு.

இவையனைத்தும் சரியாயிருந்தும் மின்னேற்றம் நில்லாவிடில், பாட்டரியையே விசாரிக்க வேண்டும். முழுதாக மின்னேற்றிச் சில மணி நேரம் சும்மா விட்டபின் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 10.5 வோல்ட்டிலேயே நின்றுவிட்டால் ஆறில் ஒரு கலம் மாய்ந்தது என்று கொள்ளலாம். மூடி திறக்கும் பாட்டரியில் ஒப்படர்த்திமானியே சிறந்த வைத்தியர். 27 டிகிரி செல்சியஸில் 1.265 நிறைவு, 1.190 பாதி, 1.120 வெறுமை. வெப்ப நாடுகளுக்கெனச் செய்யும் சில பாட்டரிகளில் அமிலத்தைச் சற்று நீர்த்தே ஊற்றுவராதலால் 1.240 கண்டு உடனே ஐயுற வேண்டியதில்லை. ஐயுற வேண்டியது கலங்களுக்கிடையே காணும் வேறுபாட்டை. ஐந்து கலங்கள் ஒருமித்திருக்க, ஆறாவது 0.050க்கு மேல் தாழ்ந்து நின்றால், அக்கலத்தில் தகடுகள் உட்புறம் ஒன்றையொன்று தொட்டிருக்கலாம். அதற்கு மருந்தில்லை.

ஆறு கலங்களும் ஒன்றுபோலவே தாழ்ந்திருந்தால் நம்பிக்கை உண்டு. வாரக்கணக்கில் மின்னேற்றமின்றிக் கிடந்த தகடுகளில் ஈய சல்பேட் பெரிய படிகங்களாக இறுகி, எளிதில் மாற மறுக்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் தானே வடியும் மின்னிறக்கம் ஏறக்குறைய இரட்டிக்குமாதலால் நம் கடற்கரை ஊர்களில் இது விரைவில் நேருகிறது. தகடு மூழ்குமாறு வாலை வடித்த நீர் மட்டும் ஊற்றி, 1 அல்லது 2 ஆம்பியர் அளவில் ஒருநாள் இரண்டு நாள் பொறுமையாக மின்னேற்றினால் ஒரு பகுதி மீளலாம். ஒப்படர்த்தி குறைந்ததென்று அமிலத்தை ஊற்றுவோர் பலர். மானியின் கணக்கு ஏறும், பாட்டரி ஏறாது. தகடுதான் மேலும் அரிக்கப்படும்.

கலத்தில் தூவினால் பாட்டரி புத்துயிர் பெறும் என்று விற்கப்படும் பொடிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. சோடியம், மெக்னீசியம் சல்பேட்டுகள் கலந்த ‘ஏ.டி.-எக்ஸ் 2’ என்ற பொடியை அமெரிக்க தேசிய அளவைக் கழகம் சோதித்துப் பயனற்றதென்றது. விற்பனையாளர் முறையிட, 1953இல் வர்த்தக அமைச்சர் சின்க்ளேர் வீக்ஸ், கழகத்தின் இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகச் செய்தார். சந்தையின் தீர்ப்பையும் மதிக்கவேண்டும் என்பது அமைச்சர் தரப்பு வாதம். நாடெங்கும் விஞ்ஞானிகள் கொதித்தெழவே ஆஸ்டின் பதவியில் நீடித்தார். தேசிய விஞ்ஞானக் கழகம் நியமித்த குழுவும் அவ்வாண்டிலேயே சோதனை சரி, பொடி பயனற்றது என்று அறிவித்தது. ஒரு சிட்டிகை உப்பின் பொருட்டு ஓர் அரசாங்க ஆய்வுக்கூடத்தின் நாணயம் தராசில் ஏறியது. அதே 1953ஆம் ஆண்டின் ஜனவரியில்தான், அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்திலும் நிதியிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் திறக்கப்பட்டது. பாட்டரி பற்றிய ஆய்வு இன்றும் அங்கு நடைபெறுகிறது.

மின்னேற்றும் அறையில் காற்றோட்டம் வேண்டும். நிறைவை நெருங்கும் பாட்டரி ஹைட்ரஜனை வெளிவிடுகிறது. காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். நீர்மட்டம் பார்க்கத் தீக்குச்சி கிழித்துக் குனிவதைக் காட்டிலும் பெரிய அறியாமை கிடையாது. கண்ணாடி அணிந்து, அருகே ஒரு வாளி நீர் வைத்துக்கொள்ள வேண்டும்.

மீளாத பாட்டரியை உடைத்து, ஈயத்தை வீட்டுக் கொல்லையில் உருக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அந்தப் புகையும் மண்ணில் படியும் தூளும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பவை. 2022 ஆகஸ்டில் வெளியான பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பப் பெற்றுச் சீராக மறு உபயோகத்திற்குச் செலுத்தும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடலாம். 2023இல் கொச்சியில் தொடங்கிய நீர் மெட்ரோப் படகுகளில் இருப்பவை லித்தியம் டைட்டனேட் பாட்டரிகள். மேற்கூறிய ஒப்படர்த்தியும் வாலைநீரும் அவற்றிற்குப் பொருந்தா.

வகுப்பில் இவ்வேதிமாற்றத்தைக் காட்ட விரும்பும் ஆசிரியர், கண்ணாடிக் குவளையில் ஐந்து பங்கு நீரெடுத்து, அதில் ஒரு பங்கு அமிலத்தைச் சிறிது சிறிதாகத் தாமே ஊற்றவேண்டும்; நீரை அமிலத்தில் ஊற்றலாகாது. இரண்டு ஈயத் துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் அதில் நிறுத்தி, டார்ச் செல்கள் மூன்றைத் தொடராக்கிச் சில நிமிடம் இணைத்தால், நேர்முனைத் துண்டு பழுப்பேறும். செல்களைக் கழற்றிவிட்டு ஒரு சிறிய டார்ச் பல்பை இணைக்க, அது சிறிது நேரம் எரிந்து மங்கும். இரண்டாம், மூன்றாம் முறை மின்னேற்றியபின் எரியும் நேரம் சற்று நீளும். அதைக் கடிகாரம் வைத்து மாணவரே குறித்துக்கொள்ளலாம்.