ஆட்டுக்கும் புலிக்கும் ஒரு நீதி

சதுரங்கப் பலகையின் இரு புறமும் நிற்கும் படைகளைப் பாருங்கள். ஒருவருக்கு எத்தனை காலாளோ அத்தனையே மற்றவருக்கும். முதலில் நகர்த்துபவர் யார் என்ற ஒன்றைத் தவிர இரு தரப்புக்கும் வேறுபாடு கிடையாது. இத்தகைய ஆட்டத்தில் நியாயம் எங்கே உள்ளது என்று தேட வேண்டியதில்லை; அது கண்ணெதிரே தெரிகிறது. ஆனால், ஒருவரிடம் 3 காய்களையும் மற்றவரிடம் 15 காய்களையும் கொடுத்து, மூன்றுக்கு உயிர் பறிக்கும் ஆற்றலையும் பதினைந்துக்கு வழிமறிக்கும் ஆற்றலையும் மட்டும் தந்தால், அந்தப் போட்டி நியாயமாவது எங்ஙனம்?

இக்காலத்து மாணவர்கள் கணினியில் ஆடும் போர் விளையாட்டுகளில் இவ்வினா நாள்தோறும் எழுகிறது. 1998-இல் வெளியான ஸ்டார்கிராஃப்ட் என்னும் விளையாட்டில் மூன்று இனங்கள். 2002-இல் வெளியான மூன்றாம் வார்கிராஃப்டில் நான்கு. ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனி ஆற்றல். எந்த இனத்தைத் தேர்ந்தாலும் வெல்லும் வாய்ப்பு ஒத்திருக்க வேண்டும் என்பதே அவற்றை ஆக்குவோரின் பெருங்கவலை. இந்தச் சிக்கலுக்கு நம் முன்னோர் கண்ட விடை ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் பழைய கோயில்கள் பலவற்றின் கல்தளத்திலே அது கீறப்பட்டுக் கிடக்கிறது. அதுவே ஆடுபுலி ஆட்டம்.

முதலில் ஆடுகளத்தை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து இறங்கி அடிக்கோட்டைச் சேர்கின்றன. இடையே மூன்று கிடைக்கோடுகள் இந்நான்கையும் வெட்டி, இரு புறமும் சற்றே வெளியே நீள்கின்றன. நீண்ட நுனிகளை மேலிருந்து கீழாக இணைத்துவிட்டால் களம் முடிந்தது. உச்சியில் 1, கிடைக்கோடுகளில் ஆறாறாக 18, அடியில் 4. ஆக 23 இடங்கள்.

புலிகள் மூன்றும் முதலில் உச்சியிலும் அதையடுத்த வரிசையிலும் அமர்கின்றன. பிறகு ஆடுகள் ஒவ்வொன்றாகக் களத்தில் இறங்குகின்றன. ஓர் ஆடு வைக்கப்பட்டதும் ஒரு புலி நகரலாம். பக்கத்து இடத்தில் ஓர் ஆடு நின்று, அதே கோட்டில் அதற்கு அப்பாலுள்ள இடம் வெறுமையாக இருந்தால், புலி தாவி அந்த ஆட்டை வெட்டும். ஆட்டுக்கோ வெட்டும் உரிமையே இல்லை. பதினைந்தும் இறங்கி முடியும் வரை எந்த ஆடும் இடம்பெயரவும் கூடாது. புலிகள் மூன்றையும் அசைய முடியாதபடி அடைத்துவிட்டால் ஆட்டுக்கு வெற்றி.

இவ்வளவையும் கேட்டவுடன் 'புலிக்கே எல்லாம் சாதகம்' என்று தோன்றும். சற்றே எண்ணிப் பாருங்கள். ஆட்டின் இரு புறமும் ஒரே கோட்டில் இடம் இருந்தால்தானே புலியால் தாவ முடியும்? வெளிப்புற மூலைகள் நான்கிலும், அடிக்கோட்டின் இரு முனைகளிலும், உச்சியிலும் அத்தகைய நேர்க்கோடு கிடையாது. எனவே இந்த ஏழு இடங்களில் நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் தொட முடியாது. உச்சியில் புலி இருந்தாலும், மற்ற ஆறு இடங்களும் ஆட்டுக்குத் திறந்த கோட்டைகள். எளிய உயிருக்கு ஆற்றலைத் தராத விதி, அடைக்கலமான நிலத்தைத் தந்திருக்கிறது.

புலிக்கும் இதே நிலம் ஒரு கட்டுப்பாட்டை விதிக்கிறது. நடு வரிசையின் உட்புறத்தில் நிற்கும் புலியைத் தனியே அடைக்க வேண்டுமானால், அதன் நான்கு பக்கத்திலும் நான்கு ஆடுகள் வேண்டும், தாவாதபடி அவற்றுக்கு அப்பால் இன்னும் நான்கு வேண்டும், ஆக எட்டு. வெளி மூலையில் ஒதுங்கிய புலிக்கு நான்கே ஆடுகள் போதும். ஆகவே தேர்ந்த ஆட்டுக்காரர் புலியைத் துரத்துவதில்லை. அது மூலைக்குப் போகும்படி வழிகளை ஒவ்வொன்றாக மூடுகிறார்.

எண்ணிக்கையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஓர் ஆடும் மடியாமல் எல்லாம் இறங்கிவிட்டால் 18 காய்கள். 23 இடங்களில் ஐந்தே வெறுமை. மூன்று ஆடுகள் வெட்டுப்பட்டால் வெறுமை எட்டாகிவிடும். ஒவ்வோர் ஆட்டின் இழப்பும் ஆட்டுக்காரருக்கு ஒரு காவலைக் குறைத்து, புலிக்கு ஒரு வழியைத் திறக்கிறது. ஆதலால் தொடக்கத்தில் நேரும் சிறு கவனக்குறைவு முடிவில் பேரிழப்பாகிறது.

நேபாளத்தில் இதற்கொரு உறவினர் உண்டு. பாக் சால் என்று பெயர். அங்கே 25 இடங்கள், 4 புலிகள், 20 ஆடுகள். களத்தின் வடிவம் வேறாயினும், ஒரு புலிக்கு ஐந்து ஆடுகள் என்ற கணக்கு நம்முடையதைப் போன்றதே! லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்னும் இரு அறிஞர்கள் அவ்விளையாட்டைக் கணினி கொண்டு ஆராய்ந்து, இரு தரப்பாரும் பிழையின்றி ஆடினால் முடிவு சமநிலையே என்று நிறுவினர். அவர்களது கட்டுரை 2009-இல் நூலில் வெளிவந்தது.

ஒரு விதி பிசகினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உள்ளது. 1732-இல் லாப்லாந்துக்குச் சென்ற தாவரவியல் அறிஞர் லின்னேயஸ், அங்கு கண்ட தாப்லுத் என்னும் ஆட்டத்தைக் குறித்து வைத்தார். நடுவில் ஓர் அரசனும் 8 காவலரும். சுற்றிலும் 16 பகைவர். அவர் குறிப்பு 1811-இல் ஆங்கிலத்தில் வந்தபோது, அரசனைப் பிடிக்கும் விதி பிழையாகப் பெயர்க்கப்பட்டது. அதன்படி ஆடியபோது அரசன் தரப்பே எளிதாக வென்றது. காய்கள் மாறவில்லை, பலகை மாறவில்லை. ஒரு விதி மாறியது, நீதி போயிற்று.

காஞ்சிபுரத்தில் வாழும் எனக்கு இங்கே கோர்வைப் புடவையின் நெசவு நினைவுக்கு வருகிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடுகின்றன; தறியில் இருப்பவருக்குத் துணையாக மற்றொருவரும் நாடா எறிகிறார். நிறம் வேறாக இருக்கலாம்; இழுப்பு மட்டும் ஒத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்தால் துணி சுருங்கிவிடும். ஆடுபுலி ஆட்டத்தை வகுத்தவர்களும் இதையே செய்தார்கள். இரு தரப்பையும் ஒரே சாயத்தில் முக்காமல், இழுப்பைச் சரி செய்தார்கள். எண்ணிக்கை, இறங்கும் முறை, நிலத்தின் அமைப்பு, வெற்றியின் இலக்கணம் ஆகிய நான்குமே அவர்கள் கையாண்ட கருவிகள்.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. புதிதாக ஆடுவோரிடையே புலியே பெரும்பாலும் வெல்லும். ஏனெனில் ஒரு புலி தனித்தும் வேட்டையாடலாம், ஆடுகளோ ஒன்றுபட்டே காக்க முடியும். ஒன்றுபடுதல் பயின்று பெற வேண்டிய கலை. ஆகவே ஒரே ஆட்டத்தை வைத்து 'இது நியாயமற்றது' என்று தீர்ப்புக் கூறாதீர்கள். இருவரும் பக்கம் மாற்றிப் பல முறை ஆடுங்கள். யார் எத்தனை முறை வென்றார் என்று குறித்து வையுங்கள்.

எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறுபடுகிறது. உங்கள் ஊர்ப் பெரியோர் அதை எவ்வாறு ஆடினர் என்று கேட்டு எழுதுங்கள். கல்லில் கீறிய கோடுகள் நடப்போரின் காலடியில் தேய்கின்றன. புதிய தளத்தின் அடியில் மறையவும் கூடும். கோடு எஞ்சினாலும் விதி எஞ்சாவிட்டால் அது வெறுங்கீறலே. விதியைக் காப்பது கல்லின் வேலையன்று, ஆடுகிறவர்களின் வேலை.