அருவாப்பெட்டி

மாசி பிறந்துவிட்டால் ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்துப் பனங்காடுகளில் விடியுமுன்பே ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு பனையேறி மரத்தை அணைக்கிறார். கை இரண்டும் மரத்தைச் சுற்றியிருக்கின்றன; பாதம் இரண்டும் மரத்தைக் கவ்வியிருக்கின்றன. பாளை சீவும் அரிவாளை அவர் எதில் பிடிப்பார்? பிடிப்பதில்லை. இடுப்பில், சற்றுப் பின்தள்ளிக் கட்டியிருக்கும் அருவாப்பெட்டி அதைச் சுமந்துவருகிறது.

பாளையாலும் ஓலையாலும் நாராலும் ஊருக்கு ஊர் வெவ்வேறு விதமாகச் செய்யப்படும் எளிய பெட்டி இது. பாளை சீவ ஒன்று, மட்டை கழிக்க ஒன்று என இரண்டு அரிவாள் வைத்துக்கொள்வோரும் உண்டு. காவல் அதிகாரியின் இடுப்பில் உள்ள ரிவால்வர் உறையும் இதுவும் ஒரே கேள்விக்கான இரண்டு விடைகள்: ஆபத்தான கருவியோடு வெட்டவெளியில் நடமாடும் ஒருவர், அதை உடம்பில் எப்படி வைத்துக்கொள்வது?

முதல் தேவை, விழாமல் இருப்பது. வளர்ந்த பனை 20 மீட்டரையும் தாண்டும். அந்த உயரத்திலிருந்து நழுவும் அரிவாள் 2 நொடியில் தரையைத் தொடும்; அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். கீழே கலயத்தோடு யாராவது நின்றிருக்கலாம். இந்த ஆபத்தைத் தடுக்கப் பெட்டி நம்பியிருப்பது எடையை. பெட்டி தொங்கும் கயிறு மேலே இருக்கிறது. அலகின் கனம் அதற்குக் கீழே, பெட்டியின் ஆழத்தில் இருக்கிறது. இப்படித் தொங்கும் பொருளை எந்தப் பக்கம் அசைத்தாலும் புவியீர்ப்பு அதைப் பழைய நிலைக்கே இழுத்துவரும். வாய் வானத்தைப் பார்த்தே நிற்கும். அரிவாளைக் கீழே தள்ளப் பார்க்கும் அதே விசைதான் அதைப் பெட்டிக்குள் இருத்தியும் வைக்கிறது.

ரிவால்வருக்கு இந்த வசதி இல்லை. குண்டுகள் நிறைந்த சுழலுருளையும் கைப்பிடியும் அதன் கனமான பகுதிகள். உறையில் செருகினால் அந்தக் கனம் மேலே, இடுப்பு வாரின் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. வார் மெலிந்ததாக இருந்தால் கைப்பிடி வெளிப்பக்கம் சாயும், ஓடினால் ஆடும். அதனால்தான் நல்ல உறையைத் தேடுபவர் முதலில் அகலமான, விறைப்பான இடுப்பு வாரைத் தேட வேண்டியிருக்கிறது. காட்டுப் பாதையில் ஏறி இறங்குபவருக்கு மேலே பொத்தான் வைத்த ஒரு பூட்டுவாரும் தேவைப்படுகிறது.

இரண்டாவது தேவை, கண்ணின் உதவியில்லாமல் கைக்குக் கிடைப்பது. மர உச்சியில் பனையேறியின் கண்ணுக்கு வேறு வேலை இருக்கிறது. மட்டையின் இரு விளிம்பிலும் ரம்பப் பல்லாகக் கருக்கு நீண்டிருக்கும். அதற்குள் காலை எங்கே வைப்பது என்று பார்க்க வேண்டும். ஆனாலும் கை நேராகப் பெட்டிக்குப் போகிறது. நம் தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள நுண்ணிய உணர்விகள், எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று நொடிதோறும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிவது இதனால்தான். சார்லஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய உடலியலாளர் 1906-இல் இந்த உணர்வுக்குத் தனிப் பெயர் சூட்டினார். அதைப் பயன்படுத்த ஒரு நிபந்தனை உண்டு: உறை என்றும் அதே இடத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் இடப்பக்கம், மறுநாள் வலப்பக்கம் என்று கட்டினால் கை அறிந்ததெல்லாம் வீணாகிவிடும்.

மூன்றாவது, காத்தல். பனையின் இனிப்புச் சாறு பாளைக்குள் மயிரிழை போன்ற குழாய்களில் ஓடுகிறது. மழுங்கிய அலகு அவற்றை வெட்டாமல் நசுக்கிவிடும். சாறு சுரப்பது குறையும். அதனால் அரிவாளைச் சவரக்கத்திபோலத் தீட்டி வைக்கிறார்கள். அந்தக் கூர்மையிலிருந்து தொடையைக் காக்க வேண்டும். கூர்மையையும் மழுங்காமல் காக்க வேண்டும். ஓலையும் பாளையும் இரும்பைவிட மிக மென்மையானவை என்பதால் அலகு உரசினாலும் மழுங்குவதில்லை. ரிவால்வர் உறையில் இந்தக் காவல் சுடும் விசைக்கு வேண்டும். விசையைச் சுற்றியுள்ள வளையத்தை முழுக்க மூடாத உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உறையே இல்லை. ஒரு சுள்ளி நுழைந்தால் போதும், உயிர் போய்விடலாம்.

பொருளுக்கு வருவோம். குரோமிய உப்பில் பதனிட்ட தோல் பொதுவாகத் துவளும். மரப்பட்டையின் துவர்ப்புச் சத்தில் பதனிட்ட தோல் விறைப்பாக நிற்கும். நனைத்து ஒரு வடிவத்தின் மேல் அழுத்திக் காயவைத்தால் அந்த வடிவத்தையே தன்னுடையதாக்கிக்கொள்ளும். துப்பாக்கி உறை செய்பவர்கள் விரும்புவது இதைத்தான். தென்னிந்தியத் தோல் தொழிலுக்கு நெடுங்காலம் அந்தத் துவர்ப்பைத் தந்தது ஆவாரம்பட்டை. ஆலங்குளத்து மானாவாரிக் காட்டில் பனைக்குப் பக்கத்திலேயே மஞ்சளாகப் பூத்து நிற்கும் அதே ஆவாரைதான். இரண்டு உறைகளுக்கும் வேண்டிய பொருள் ஒரே செம்மண்ணில் முளைப்பதை எண்ணும்போது மனம் நிறைகிறது.

ஆனால் தோலுக்கு ஈரம் ஆகாது. ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் தொடங்கினால் காற்றே நனைந்திருக்கும். தோல் அந்த ஈரத்தைக் குடித்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் எஃகு துருப்பிடிக்கும். அதனால் வீடு திரும்பியதும் கருவியைத் துடைத்து வேறாக வைத்து, உறையை வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்த வேண்டும்.

இந்த மூன்று தேவைகளும் ஒருசேரச் சோதிக்கப்படுவது எடுக்கும்போது அல்ல, திரும்பச் செருகும்போது. எடுக்கும் கை விழிப்பாக இருக்கும். வேலை முடித்த கை களைத்திருக்கும், மனம் அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். உறையின் வாய் அந்த நேரத்தில் தளர்ந்து மூடிக்கொண்டால், அதைத் திறக்க மறு கை வர வேண்டும். துப்பாக்கியானால் மடிந்த தோல் விசையில் சிக்கிக் குண்டே பாயலாம். அரிவாளானால் மறு கையின் விரல் கூர்முனைக்கு எதிரே நிற்கும். அதைவிட மோசம், மரத்தைப் பிடித்திருந்த கை மரத்தை விட்டிருக்கும். எனவே உறை வாங்குபவர் முதலில் அதன் வாயைத்தான் பார்க்க வேண்டும். கருவி வெளியே இருக்கும்போதும் அது திறந்தே நிற்கிறதா? ஒரே கையால், பார்க்காமல், திரும்ப வைக்க முடிகிறதா?

அருவாப்பெட்டியின் வாய் விறைப்பாகத் திறந்தே நிற்கிறது. உச்சியில் பாளை சீவி முடிந்தது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் சொட்டத் தொடங்குகிறது. வலக்கை பின்னால் போகிறது. அரிவாள் பெட்டிக்குள் இறங்குகிறது. இப்போது இரண்டு கைகளும் மரத்துக்கே சொந்தம். அவர் இறங்கத் தொடங்குகிறார்.