கட்டட டிரஸ்டும் நம் ஜனங்களின் பணமும்

பெரிய ஆபீஸ் கட்டடங்களில் முதல் போட்டு வாடகை வாங்குவது நம் தேசத்தில் நெடுங்காலம் தனவந்தர்களின் காரியமாகவே இருந்து வந்தது. பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி ஸ்தாபனம் 2014-ம் வருஷத்தில் வகுத்த விதிகள் இந்நிலைமையை மாற்றத் தொடங்கின. ‘ரீட்’ எனப்படும் டிரஸ்ட், கட்டடங்களை வைத்துக்கொண்டு வாடகையை யூனிட்தாரர்களுக்குப் பங்கிடும். அவற்றுள் முதலாவதான எம்பஸி ஆபீஸ் பார்க்ஸ் 2019 ஏப்ரலில் சந்தைக்கு வந்தது. ஆரம்பத்தில் ரூ. 2 லட்சத்துக்குக் குறைந்து விண்ணப்பிக்க இயலாதிருந்தது. 2021-ல் அத்தொகை ரூ. 10,000 முதல் 15,000 வரையில் இறங்கிற்று. குமாஸ்தாவும் உபாத்தியாயரும் இனி இதில் சேரலாம். இதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் டிரஸ்ட் என்றவுடன் நம்மவர்க்குக் கோயில் கட்டளையும் அன்னசத்திரமும் நினைவுக்கு வரும். இது அவ்வகையன்று, லாப நஷ்டத்துக்கு உட்பட்ட வியாபாரமே.

விதிகள் பெரும்பாலும் நல்லவை. சொத்து மதிப்பில் 80 சதவிகிதமாவது கட்டி முடிந்து வருமானம் தரும் கட்டடங்களில் இருக்க வேண்டும். பங்கிடத்தக்க பணத்தில் 90 சதவிகிதத்தைப் பங்கிட்டாக வேண்டும். இவ்விரண்டாவது விதியைக் காட்டியே யூனிட்டுகள் விற்கப்படுகின்றன. அதில்தான் ஜனங்கள் கவனிக்க வேண்டிய சூட்சுமம் இருக்கிறது.

டிரஸ்ட் பெரும்பாலும் கட்டடங்களைத் தனித்தனிக் கம்பெனிகளின் பெயரில் வைத்து, அக்கம்பெனிகளுக்குத் தன் பணத்தைக் கடனாகக் கொடுத்திருக்கும். அவை வாடகையிலிருந்து வட்டியும், லாபப் பங்கும், கடன் முதலில் ஒரு பகுதியும் செலுத்தும். இவையெல்லாம் கலந்தே யூனிட்தாரர் கைக்கு வருகின்றன. ஆகவே வந்த பணம் முழுவதும் வருமானமன்று. ஒரு பகுதி அவர் போட்ட முதலே திரும்பி வருவதாகும். 2023-ல் சர்க்கார் வருமான வரிச் சட்டத்தைத் திருத்தி, இவ்விதம் திரும்பும் தொகையை யூனிட் வாங்கிய விலையில் கழித்துக் கணக்கிடச் செய்தது இதனால்தான். பாங்கு வட்டியோடு இதை ஒப்பிட்டு, ‘எட்டு சதவிகிதம், ஒன்பது சதவிகிதம்’ என்று பேசுவது சரியான கணக்காகாது.

இன்னொன்று கடன். சொத்து மதிப்பில் 49 சதவிகிதம் வரையில் டிரஸ்ட் கடன் வாங்க விதி இடம் கொடுக்கிறது. வரவில் பெரும்பகுதியைப் பங்கிட்டு விடுவதால், கடனை அடைக்கச் சேமிப்பு அதிகம் நிற்பதில்லை. கெடு வந்தால் புதுக் கடன் வாங்கியே பழையதைத் தீர்க்க நேரும். அச்சமயம் வட்டி ஏறியிருந்தால் யூனிட்தாரர் பங்கு குறையும். லண்டனில் கானரி வார்ப் கட்டடங்களை எழுப்பிய ஒலிம்பியா அண்டு யார்க் என்ற கானடா கம்பெனியின் கதை இதனினும் கொடிது. 50 மாடிக் கோபுரம் 1991-ல் முடிந்தது. வாடகைச் சந்தை சரிந்திருந்தது. சுரங்க ரயில் 1999-ல்தான் அங்கு எட்டிற்று. பாங்குகளோ அதுவரை காத்திருக்கவில்லை. 1992-லேயே கம்பெனி வீழ்ந்தது. கட்டடத்தில் பழுது ஒன்றுமில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நமது டிரஸ்டுகள் பெரும்பாலும் கட்டி முடிந்தவற்றையே வைத்திருப்பதால் அவ்வளவு அபாயம் இல்லையென்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆயினும், பங்கிடும் ஒவ்வொரு ரூபாயிலும் வட்டி எத்தனை காசு, லாபம் எத்தனை, முதல் எத்தனை என்பதையும், எந்த வருஷத்தில் எவ்வளவு குத்தகை முடிகிறது, எவ்வளவு கடன் கெடுவாகிறது என்பதையும், விற்பனை விளம்பரத்திலேயே, தமிழிலும் மற்றத் தேச பாஷைகளிலும், பெரிய எழுத்தில் அச்சிட வேண்டுமென்று செபி உத்தரவிட வேண்டும்.